சிலுவைக்குப் பின்னால் பனை

வள்ளம் பாதித் தூரம் வந்திருக்கும். மணப்பாட்டுக் கரையை நோக்கிப் போய்க்கொண்டிருந்த சல்மான் ஃபாரிஸின் போன் அடித்தது. கூப்பிட்டது, அவன் ஓட்டிவந்த பாய்மரப் படகின் சொந்தக்காரர் சுந்தர்ராமன் சார்; அவரைப் படகில் தனியே விட்டுவந்திருந்தான்.

"ஃபாரிஸ், கரையில நீ பாத்துண்டே இருக்கச் சொன்ன சிலுவையும் பனையும் இப்ப ஒண்ணுக்குப் பின்னாடி ஒண்ணா இல்லைப்பா. பனை வலப்பக்கம் விலகிடுத்து."

அப்படியென்றால் நங்கூரம் பிடிவிட்டுப் படகு நகர்கிறது. தப்பு அவனுடையதுதான். கொச்சியிலிருந்து தூத்துக்குடிக்குப் போகிற வழியில், விடிந்ததும் அக்கா அஸீலா லாத்தா போனில் அழுதாள், வாப்பா மவுத்தாகிவிட்டார். அவசரமாக இந்த ஒதுக்கில் படகை நிறுத்தினான். எட்டு மீட்டர் ஆழத்துக்கு நாற்பது மீட்டர் சங்கிலி விடுகிறவன் இருபதோடு நிறுத்திவிட்டான். எஞ்சினைப் பின்னுக்கு ஓட்டி, நங்கூரம் மண்ணைப் பிடித்ததா என்றும் பார்க்கவில்லை.

நடுப்பகல் ளுஹர் தொழுகை முடிந்ததும் மேலப்பாளையத்தில் அடக்கம். இப்போதே கார் ஏறினால்தான் வாப்பாவின் கபுரில் மூன்று பிடி மண் போட முடியும். உம்மா போனபோது அவன் துபாயில் இருந்தான். ஆறு மாதம் கழித்து வந்து கேட்டால், மையவாடியில் புல் மூடிய அந்த வரிசையில் உம்மாவின் கபுர் எது என்று ஆளுக்கொன்றைக் காட்டினார்கள்.

"நீ போப்பா, நான் பாத்துக்கறேன்," என்றார் சார். எழுபது வயது, முழங்கால் மடங்காது. படகுக்குப் பின்னால் பாறைத் திட்டு.

"ஜெய்சா, வள்ளத்தத் திருப்பு."

வள்ளக்காரன் ஜெய்சன் தயங்கினான். "அண்ணே, அங்கன வாப்பாவ எடுத்துருவாங்கள்லா?"

"திருப்புலே."

நங்கூரம் பாசிக் கட்டியோடு மேலே வந்தது. கழுவிப் போட்டான்; வழுக்கியது. மறுபடி தூக்கி, மணலாகப் பார்த்துப் போட்டு, நாற்பது மீட்டரும் விட்டான். எஞ்சின் பின்னுக்கு இழுக்க, சங்கிலி விறைத்து நின்றது. இந்த முறை சிலுவையும் பனையும் மட்டும் அவனுக்குப் போதவில்லை. வேறு பக்கத்தில் ஒரு கலங்கரை விளக்கையும் ஓட்டுவீட்டையும் ஒன்றுக்குப் பின்னால் ஒன்றாகப் பார்த்து வைத்துக்கொண்டான். இரண்டு சோடியும் விலகாதவரை படகும் விலகாது. அரைமணி நேரம் கண் எடுக்காமல் பார்த்தான். சார் இரண்டு தடவை "போப்பா" என்றார். இன்னொரு முறை அவசரப்பட அவனுக்குப் பயமாக இருந்தது.

மையவாடிக்கு வந்தபோது மணி மூன்று. எல்லாரும் கலைந்திருந்தார்கள். லாத்தாவின் கணவர், மச்சான் அகமது மீரான் மட்டும் நின்றார்.

"ஒனக்காவ அரைமணி வச்சிருந்தோம். அதுக்கு மேல முடியல, மாப்ள."

ஈர மண்மேட்டின் தலைமாட்டில் ஒரு மருதாணிக் கொப்பு நட்டிருந்தது. ஃபாரிஸ் குனிந்து மூன்று பிடி மண்ணை அள்ளி மேலே போட்டான். இது கணக்கில் சேருமா என்று மச்சானிடம் கேட்க வாய் வரவில்லை. அழுகைதான் வந்தது. மச்சான் முதுகைத் தடவிக்கொடுத்தார். சட்டைப்பையில் போன் ஒருமுறை அதிர்ந்தது. 'படகு அசையவில்லை' என்று சார் அனுப்பியிருந்தார்.

"வா, போவோம். அஸீலா காலைலேருந்து பச்சத்தண்ணி குடிக்கல."

ஃபாரிஸ் வரவில்லை. தலைமாட்டில் நின்று தூரத்தையே பார்த்தான்.

"அங்கன என்ன பாக்கே?"

ஃபாரிஸ் பைய அரையடி இடப்பக்கம் நகர்ந்தான். தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் பள்ளிவாசல் மினாரா சரியாக வந்து நின்றது. பிறகு மறுபக்கம் திரும்பி, இரண்டாவது சோடியைத் தேடினான்.