பல்கனிக் கூரைமேல் ஏற்றிய கற்கள்

1959ஆம் ஆண்டு ஜூன் மாதம் 18ஆம் நாள், வியாழக்கிழமை. இலங்கை மலையகத்து அட்டனில் விடியற்காலை முதலே அடைமழை. தென்மேற்குக் காற்று மணிக்கு மணி வலுத்தது.

தையற்காரனாகிய எனக்கு வெளிச்சம் கிடைத்த ஒரே இடம், வாடகை மாடியின் மரப் பல்கனி. தையல் இயந்திரத்தை அங்கேயே தரையோடு திருகாணியிட்டுப் பொருத்தியிருந்தேன். ஆண்டுதோறும் தூண்களுக்குப் பச்சை வர்ணம் பூசினேன். உள்ளே மரம் உக்கிப்போனதை அவ்வர்ணம் மறைத்தது.

பல்கனியின் தகரக் கூரை படபடத்தபோது, தேயிலைத் தோட்டத்து லய வீட்டில் குடியிருக்கும் தொழிலாளியான நண்பர் ஆண்டியப்பன் கருங்கற்களைச் சுமந்து வந்தார்.

“லயத்துல கல்லு வெச்சுத்தான் தகரத்தக் காப்பாத்துறோம். மாடிக்காரருன்னா காத்து சலாம் போட்டுட்டுப் போயிருமா, நானா?” முஸ்லிமான என்னை அவர் அண்ணன் எனும் பொருளில் ‘நானா’ என்றே அழைப்பார்.

என் மனைவி ரஸீனா கத்தரிக்கோலால் தூணைக் குத்தினாள். அலகு முழுவதும் உள்ளே இறங்கியது.

“இதுவா பாரந் தாங்கப் போகுது? முதல்ல மெசினக் கழட்டி உள்ள எடுங்க.”

“நான் பெயின்ட் அடிச்ச தூணு. ஒண்ணும் ஆகாது.”

இருபத்திரண்டு கற்களை ஏற்றினோம். தகரம் அசையவில்லை. ரஸீனாவைப் பெருமிதத்துடன் நோக்கினேன். சற்றுப் பின்னர் தூண்கள் முனகின. திருப்புளியுடன் ஓடி, நான்கு திருகாணிகளில் மூன்றைக் கழற்றினேன். ரஸீனா என் சட்டையைப் பற்றி, ஆண்டியப்பன் நின்ற அறைக்குள் இழுத்தாள். கற்களோடு கூரையும், கூரையோடு பல்கனியும் இயந்திரமும் தெருவில் வீழ்ந்து நொறுங்கின.

என் கையில் மூன்று திருகாணிகள் எஞ்சின. இன்னோர் இயந்திரம் வாங்க எனக்கு வயதும் இல்லை, வழியும் இல்லை. எல்லாம் முடிந்தபோது பிற்பகல் மூன்று மணி நாற்பத்திரண்டு நிமிடம்.