மூன்று குழி கேரம் போர்டு

பூமி உருண்டையான நாள்முதல், கேரத்தில் இடி தோற்றும் எந்தப் பொருளும் உடையாத நாள் ஒன்றே ஒன்றுதான். நம்ப மாட்டீர்கள். தலைமையாசிரியரும் நம்பவில்லை.

இடி என்பது ஒன்பதாம் வகுப்புப் பெண் ஒருத்தியின் பட்டப்பெயர். அவள் தோற்கப்போவது தெரிந்தால் மரத்துக் காக்கை பக்கத்து ஊருக்குக் குடிபோய்விடும். ஒருமுறை அவள் வீசிய ஸ்ட்ரைக்கர் தலைமையாசிரியரின் மூக்குக்கண்ணாடியை நலம் விசாரித்துவிட்டு, ஜன்னலையும் உடைத்துக்கொண்டு வெளியேறியது. "இன்னும் ஒரு சாமான் உடைஞ்சா டி.சி.தான்" என்று அன்றே சொல்லிவிட்டார்.

பள்ளி விட்டதும் தையல் அறையில் விளையாட்டு மன்றம் நடக்கும். பொறுப்பு தையல் டீச்சர். சதுரங்கத்தில் தொலைந்த ராணிக்குப் பதில் ஒரு கோட்டுப் பொத்தான் ஆட்சி நடத்தியது. கேரம் போர்டின் ஒரு மூலையை எலி தின்றுவிட்டதால், டீச்சர் அந்தக் குழியில் கந்தலை அடைத்துத் தைத்துவிட்டார். மிச்சம் மூன்று குழி. பிள்ளைகளுக்கு அது ஒரு குறையாகவே தெரியவில்லை. அம்மா சலவைக்கூடத்திலிருந்து வரும்வரை இடியின் வீடு பூட்டிக் கிடக்கும். மன்றம் இல்லையென்றால் அவளுக்குத் தெருமுனைதான். அங்கே அவள் சண்டை போடாத ஆள் பாக்கியில்லை.

"இந்த மன்றத்தால யாருக்கு என்ன லாபம், டீச்சர்?" என்றார் தலைமையாசிரியர்.

"முன்னெல்லாம் இடி போர்டைக் காயோட வீசுவா சார். இப்ப காயைப் பொறுக்கி வச்சிட்டு வீசுறா."

"வினாத்தாள் கட்டு வைக்க எனக்கு அந்த ரூம் வேணும். பள்ளிகளுக்கு நடுவுல போட்டி வருதே, அதுல ஜெயிச்சுக் காட்டுங்க. இல்லேன்னா திங்கட்கிழமை பூட்டு."

மன்றத்தில் போட்டிக்குப் போகிற அளவு ஆடத் தெரிந்தவள் இடி ஒருத்திதான். ஜெயிக்காவிட்டால் அறை போகும். தோற்று எதையாவது உடைத்தால் பெண்ணின் படிப்பே போகும்.

போட்டி நடந்த பள்ளியில் தலைமையாசிரியர் கடைசி வரிசையில், கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப்பையில் பத்திரப்படுத்திக்கொண்டு உட்கார்ந்தார். டீச்சர் தண்ணீர்க் கூஜாவை மேசைக்கடியில் தள்ளினார்.

"நாலு குழியும் திறந்திருக்கும்டி. ஞாபகம் வச்சுக்கோ."

"சரி டீச்சர்."

சரி என்றது வாய். கைக்கு யார் சொல்வது? ஆனாலும் இடி ஆடிய ஆட்டத்தில் போர்டுக்கே வியர்த்தது. சிவப்பையும் போட்டு, அதற்குத் துணைக்காயும் போட்டு, கடைசியில் அவளுக்கு ஒரு காய், எதிராளிக்கு ஒரு காய். இடியின் காய் எதிர்மூலைக் குழியின் உதட்டில் தொங்கியது. ஊதினாலே விழும்.

ஆனால் தையல் அறைப் போர்டில் கந்தல் அடைத்த மூலை அது. இடி அந்தப் பக்கமே ஆடவில்லை. காயைத் தட்டி, போர்டின் குறுக்கே வலப்பக்கக் குழிக்கு அனுப்பப் பார்த்தாள். அது பாதி வழியில் நின்றது. எதிராளி தன் காயைச் சொருகி ஆட்டத்தை முடித்தான். பின்னால் யாரோ சிரித்தார்கள்.

டீச்சர் கண்ணை மூடிக்கொண்டார். சத்தமே வரவில்லை. திறந்து பார்த்தால், இடி அந்த நாலாவது குழிக்குள் விரலை விட்டுத் துழாவிக்கொண்டிருந்தாள்.

"நெசமாவே ஓட்டை இருக்கு, டீச்சர்" என்றாள். பிறகு எதிராளிக்குக் கை கொடுத்தாள். அடுத்து ஆடப்போகிறவர்களுக்காகக் காய்களை நடுவில் அடுக்கியும் வைத்தாள்.

"வேன்ல ஏறட்டும், ஜன்னலை உடைப்பா" என்றார் தலைமையாசிரியர். வேனில் அவள் தூங்கிப்போனாள். "பள்ளிக்கூடம் வரட்டும்." வந்தது. கதவைக்கூட மெதுவாகத்தான் சாத்தினாள். சலவைக்கூடம் இருந்த திசையைப் பார்த்தபடி படியில் உட்கார்ந்தாள்.

"சார், அவ டி.சி.?"

"அது வேண்டாம். படிக்கட்டும்."

"மன்றம்?"

"திங்கட்கிழமை பூட்டுதான். தோத்தாச்சே."

"நாலு மணிக்கு மேல அவ எங்க சார் போவா?"

தலைமையாசிரியர் தையல் அறைச் சாவியைக் கேட்டுக் கையை நீட்டினார். டீச்சர் கொடுத்தார்.

"தோத்தும் ஒண்ணையும் உடைக்கல, சார். நாளைக்கு நான் சொன்னா ஸ்டாஃப் ரூம்ல ஒருத்தரும் நம்ப மாட்டாங்க."

தலைமையாசிரியர் சட்டைப்பையிலிருந்து கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு, படியில் இருந்தவளை வெகுநேரம் பார்த்தார்.

"உடைக்கலதான், டீச்சர். நானும் பார்த்தேன்."