நானூறு கிராம்

...நானூறு, சரியாக நானூறு, கூடவும் இல்லை குறையவும் இல்லை என்று தராசில் எண் வந்து நின்றபோது எவ்வளவு சந்தோஷம், பரீட்சையில் நூற்றுக்கு நூறு வாங்கியவள் மாதிரி தனியாகச் சிரித்துக்கொண்டாளே, அப்போதாவது கை நின்றிருக்கக் கூடாதா, அடி பைத்தியமே, நானூறும் போய்விட்டால் பாட்டிலில் என்ன இருக்கும் என்று ஒரு நொடி தோன்றியிருக்கக் கூடாதா... தோன்றவில்லை. வழித்துப் போட்டுவிட்டாள். வழித்ததோடு விட்டாளா, பாட்டிலைச் சோப்புப் போட்டு வெந்நீரில் தேய்த்து, பிரஷ் விட்டுக் கழுத்துவரை கழுவி, ஜன்னலில் வெயில் படுகிற இடமாகப் பார்த்துக் கவிழ்த்தும் வைத்தாயிற்று. மாவு பிசைந்த பாத்திரமும் அப்படியே பளபளவென்று பக்கத்தில் இருக்கிறது. ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கிற கை, ஒரு ஆள் போய் அடுத்த ஆள் வருவதற்குள் மேஜையைத் துடைத்துத் துடைத்துப் பழகிய கை, அதற்கு வீடு எது வேலையிடம் எது என்று தெரிவதில்லை. ரொட்டி இரண்டும் ஓவனுக்குள் போய்ப் பதினெட்டு நிமிஷம் ஆகிறது.

வேறு எந்த மாவாக இருந்தாலும் போய்த் தொலைகிறது என்று விட்டிருப்பாள். இது அவருடைய முதல் மனைவி வைத்துவிட்டுப் போன புளிமாவு. கொஞ்சம் எடுத்து ரொட்டிக்குப் போட்டால் மிச்சத்துக்கு மாவும் தண்ணீரும் கொடுத்து மறுபடி வளர்க்க வேண்டும், அப்படி வளர்த்து வளர்த்து அந்த அம்மா போன பிறகும் மூன்று வருஷமாக உயிரோடு இருந்தது. பாட்டில் மூடியில் அவளுடைய கையெழுத்தில் ஒரு சீட்டு, ‘தினமும் சாப்பாடு போடவும்’. கொம்பு வளைந்து வளைந்து என்ன அழகான எழுத்து. கல்யாணமாகி வந்த முதல் வாரம் அந்த மூடியைத் தொடவே இவளுக்குக் கூச்சமாக இருந்தது, பெரியவர் ஒருவர் உட்கார்ந்திருக்கிற நாற்காலியைத் தாண்டிப் போவதுபோல ஒதுங்கித்தான் போனாள். அவரானால் வேலை விட்டு வந்ததும் சட்டைகூட மாற்றாமல் மூடியைத் திறந்து, கண்ணை மூடி, ஒரு தடவை மோந்து பார்த்துவிட்டுத்தான் மறுவேலை. தேயிலைக் கம்பெனியில் நாளுக்கு முன்னூறு கோப்பை தேநீரை உறிஞ்சித் துப்பித் தரம் சொல்கிற மனுஷர், வீட்டிலும் மூக்குதான் முதலில் நுழையும். போன வாரம்கூட வாசலில் நின்றபடியே, “ஏலக்கா டப்பாவ யாரு சரியா மூடல?” என்றார். அவர் ஊருக்குப் போய் மூன்று நாள் ஆகிறது, இன்று சாயங்காலம் வருகிறார்... வந்ததும் மூடியைத் திறப்பாரே, திறந்தால்?

அவரைக்கூடச் சமாளித்துவிடலாம், மிளகை எப்படிச் சமாளிப்பது? மிளகு என்றால் அவர் மகள், பன்னிரண்டு வயசு, ஆள் சிறுத்துக் காரம் பெருத்தது. முதல் இரண்டு மாதம் ‘சித்தி’ என்று ஒரு சொல், அதற்கு மேல் ஒன்றுமில்லை, கேட்டால் உம், கேட்காவிட்டால் அதுவும் இல்லை. பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை, “உங்களுக்கு ரொட்டி சுடத் தெரியுமா?” என்றாள். தெரியாது என்றதும் அவள் முகத்தில் வந்த திருப்தி இருக்கிறதே, அன்றைக்குத்தான் இவள் இந்த வீட்டுக்குள் நிஜமாக வந்தாள். ஞாயிறுதோறும் கண்ணை மூடி உலக உருண்டையைச் சுற்றுவது, விரல் எந்த நாட்டில் நிற்கிறதோ அந்த நாட்டு ரொட்டி, கடலில் நின்றால் இன்னொரு சுற்று. பிரான்ஸில் நின்றது, வந்த ரொட்டியைக் கதவுக்கு முட்டுக் கொடுத்தார்கள். எத்தியோப்பியா கல்லோடு ஒட்டிக்கொண்டு கல்லோடுதான் போனது. துருக்கி வளையத்தில் எள் மட்டும் பிரமாதம். இன்றைக்கு ரஷ்யா, கறுப்பு ரொட்டி, அப்பாவுக்குப் பிடிக்கும் என்று இரண்டாகச் சுடச் சொல்லி மிளகே கணக்கைப் பெருக்கித் தாளில் எழுதித் தந்தாள், புளிமாவு நானூறு கிராம் என்று... அவள் எழுத்தும் அதே கொம்பு, அதே வளைவு. தந்துவிட்டுக் கணக்குப் பாடம் போட உள்ளே போயிருக்கிறாள். அந்தக் குழந்தையிடம் போய், உங்கம்மா விட்டுப் போனதை நான் ரொட்டியாக்கிவிட்டேன் என்று எந்த வாயால் சொல்வது? ஒரு வருஷத்தில் நகர்ந்து நகர்ந்து பக்கத்தில் வந்த பிள்ளை, ஒரே நொடியில் பழைய உம்முக்குத் திரும்பிவிடுமே.

ஓவனைத் திறந்தால் என்ன? இருபது நிமிஷம்தானே, நடு மாவு இன்னும் பச்சையாகத்தான் இருக்கும், ரொட்டியைப் பிளந்து ஒரு கரண்டி தோண்டினால்... இருக்குமா, வெந்திருக்குமா? நோயாளி என்றால் படம் பிடித்து உள்ளே என்ன என்று சொல்லிவிடுவாள், ரொட்டியை என்ன செய்வது? இல்லை, பேசாமல் புது மாவு கரைத்து அதே பாட்டிலில் ஊற்றி அதே மூடியைப் போட்டுவிட்டால் யாருக்குத் தெரியப்போகிறது? சீ, ஒரு செத்த மனுஷியின் கையெழுத்துக்குக் கீழே பொய்யை அடைத்து வைப்பதா. ‘மூச்சப் பிடிங்க, அசையாதீங்க’ என்று தினமும் ஊருக்கெல்லாம் சொல்கிறவள் இப்போது தானே மூச்சைப் பிடித்துக்கொண்டு, அசையாமல், ஓவன் கதவில் கை வைத்து நிற்கிறாள். விடுங்க என்று சொல்ல ஆளில்லை.

“கதவத் தொறந்தா ரொட்டி அமுங்கிடும் சித்தி,” என்று பின்னால் குரல். பென்சில் காதில் செருகியிருக்கிறது. மிளகு ஓவனைப் பார்த்தாள், இவள் முகத்தைப் பார்த்தாள், ஜன்னலில் கவிழ்ந்திருந்த பாட்டிலைப் பார்த்தாள், அங்கேயே நின்றுவிட்டாள். “எல்லாத்தையும் போட்டுட்டேன்டா,” என்றாள் இவள். சொல்லும்போதே கண்ணீர் வந்துவிட்டது, நாற்பது வயசில் மாவுக்காக அழுகிற அசடு. மிளகு கொஞ்ச நேரம் பென்சிலைக் கடித்தாள். பிறகு கூடத்தை ஒரு தடவை எட்டிப் பார்த்துவிட்டு, யாருமில்லாத வீட்டில் குரலைத் தாழ்த்தி, “அது அம்மாவோடது இல்ல,” என்றாள். “அம்மா போன அந்த மாசம் யாருமே அதுக்குச் சாப்பாடு போடல. நான் தொறந்து பாத்தா ரோஸ் கலர்ல பூசணம், ஒரே நாத்தம். கக்கூஸ்ல கொட்டிட்டேன். அப்புறம் நானே புதுசா மாவு கரைச்சு வெச்சேன், நுரை வர ஒம்போது நாள் ஆச்சு. அப்பாகிட்ட சொல்லாதீங்க.” ஒன்பது வயசில், துக்கம் கேட்க வந்தவர்கள் நிறைந்த வீட்டில், ஸ்டூல் போட்டு ஏறி, யாருக்கும் தெரியாமல் மாவு கரைத்த அந்தக் கை இதுதானா? இந்த ஒரு வருஷமாக மூத்தவள் மூத்தவள் என்று இவள் பயந்து ஒதுங்கியது இந்தக் குட்டியின் மாவுக்கா? இழுத்து அணைத்துக்கொண்டாள். மிளகு விறைப்பாக நின்றாள், ஆனால் விலகவில்லை.

“அப்பாவுக்குச் சந்தேகமே வரலயா?” என்று கேட்டாள் இவள். மிளகு கழுவிய பாட்டிலை நிமிர்த்தி அதில் மாவை அளந்து கொட்டிக்கொண்டே, “அப்ப அவரு எதையுமே மோந்து பாக்கல சித்தி, சாப்பிடக்கூட மாட்டாரு. ரொம்ப நாள் கழிச்சுத்தான் ஒரு நாள் தொறந்தாரு. மோந்து பாத்துட்டு அப்படியே நின்னுட்டு இருந்தாரு, ரொம்ப நேரம். அப்புறம் மூடி போட்டுட்டு, நல்லா இருக்குன்னாரு, என் தலையத் தடவினாரு. அவ்ளோதான், தப்பிச்சேன்,” என்றாள், பெருமையாகவே. தண்ணீர் விட்டுக் கலக்கினாள், பழைய மூடியை எடுத்துச் சீட்டு நனையாமல் திருகினாள். இவளுக்குக் கரண்டி கையிலேயே நின்றது. முன்னூறு கோப்பையில் ஒன்று மாறினாலும் சொல்கிற மூக்கு... ரொம்ப நேரம் நின்றாராமே. பிறகு தினமும், மூன்று வருஷமாக தினமும், கண்ணை மூடிக்கொண்டு அவர் மோந்து பார்ப்பது எதை? அவருக்கு அன்றைக்கே தெரிந்திருக்கும் என்று மிளகிடம் சொல்லலாமா? சொன்னால் இந்தப் பெருமை போய்விடுமா, பாரம் போய்விடுமா? ரொட்டி வாசனை மாடிப்படிவரை போயிருக்க வேண்டும், கீழே பெட்டியை வைத்து மூச்சு வாங்குகிற சத்தம் கேட்டது. “சித்தி, அப்பா வந்துட்டாரு, மூஞ்சியத் தொடைங்க,” என்றாள் மிளகு. இவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு பாட்டிலைப் பார்த்தாள், பச்சை மாவும் பச்சைத் தண்ணீரும், ஒரு வாசனையும் கிடையாது. அவர் வந்து திறப்பார், கண்ணை மூடுவார், நல்லா இருக்கு என்றுதான் சொல்லப்போகிறார்.