தண்ணீர் வேண்டாமென்ற பேய்

எருத்தேன்பதி ஈஸ்வரன் பேய்ப்படம் எடுப்பவன். கதை அவன், கேமரா அவன், இசையும் அவன். பேய்க்கதைப் புத்தகங்களும் எழுதியிருக்கிறான். தூக்கம் வராதவர்கள் வாங்கிப் போகிறார்கள். முதல் படத்தைப் பார்த்துக் கோவிந்தாபுரத்தில் ஒருவர் சிரித்த சிரிப்பில், வெகுகாலமாகப் பிடித்திருந்த கழுத்து சரியாகிவிட்டது. ஒரு கல்யாணத்தில் சம்பந்திகள் முறைத்துக்கொண்டபோது இரண்டாவது படத்தைப் போட்டுத்தான் சமாதானம் செய்தார்கள்.

மாமனார் குருசாமி தேங்காய் நார் மில் வைத்திருப்பவர். அவருக்குப் பொறுமை போய்விட்டது.

"மாப்ள, அடுத்த படத்துல ஒருத்தராச்சும் பயந்தா நீங்க படமே எடுங்க. இல்லீனா திங்கக்கிழம மில்லுக்கு வந்துருங்க."

"சரிங் மாமா" என்றான்.

மூன்றாவது படத்தில் நான்தான் பேய். என் முகத்துக்கு ஒப்பனைச் செலவு மிச்சம் என்று கூப்பிட்டவன், பிறகு பாக்குமட்டையில் ஒரு முகமூடியும் செய்தான். கண்ணுக்கு ஓட்டை போட்டான், வாய்க்குப் போடவில்லை. போட்டால் நான் பேசிக்கொண்டே இருப்பேனாம்.

கதைப்படி நான் கதவைத் தள்ளிக்கொண்டு நுழைய வேண்டும். வீட்டுக்காரி அலற வேண்டும். வீட்டுக்காரி வேஷம் அவன் மாமியார் பழனாத்தாளுக்கு. நுழைந்தேன். அந்த அம்மாள், "வாங்க, வாங்க" என்று ஒரு சொம்புத் தண்ணீரை நீட்டினார்.

"அத்தை, அது பேயுங்க!"

"பேயா இருந்தா என்னுங்க மாப்ள? ஊட்டுக்கு வந்தவங்களுக்குத் தண்ணி குடுக்காம, வாயப் பொளந்துட்டுக் கத்துறதுங்களா? ஊருக்குள்ள தல காட்ட முடியுமுங்களா?"

எத்தனை முறை எடுத்தாலும் சொம்பு வந்தது. சொம்பை ஒளித்துவைத்தால் டம்ளர் வந்தது. கேமராவில் சார்ஜ் தீரப்போகிற சமயம், வாயில்லாத நான் வேறென்ன செய்வேன்? வேண்டாமென்று தலையை ஆட்டி, சொம்பைக் கையால் ஒதுக்கிவிட்டு உள்ளே போனேன். ஈஸ்வரன் தலையில் அடித்துக்கொண்டு அதையே படத்தில் வைத்துவிட்டான்.

கல்யாண மண்டபத்து ஜன்னல்களைச் சாத்திவிட்டுப் படம் போட்டோம். வெட்டின தலை உருண்டது, ஜனம் சிரித்தது. கிணற்றிலிருந்து கை வந்தது, விசில் அடித்தார்கள். பயங்கர இசைக்கு ஒரு குழந்தை எழுந்து ஆடியது. குருசாமி மருமகனைப் பார்த்து, மில் இருக்கிற திசையைக் காட்டினார்.

அப்போது திரையில் பழனாத்தாள் சொம்பை நீட்டினார். பேய் தலையை ஆட்டிற்று. சொம்பை ஒதுக்கிற்று.

மண்டபம் கப்பென்று அடங்கியது.

"ஏனுங்க, தண்ணி வேண்டாங்குதுங்க!" பின்வரிசையில் ஒரு பெண்ணின் குரல் நடுங்கியது.

"குடுத்த தண்ணிய ஒதுக்குதுன்னா என்ன பகையோ சாமி!"

"அக்கா, ஓடிருங்க!" என்று திரையைப் பார்த்துக் கத்தினார்கள். எலப்புள்ளியிலிருந்து வந்த தடியர் ஒருவர் நாற்காலியோடு வெளியே ஓடினார். குருசாமி துண்டால் முகத்தை மூடிக்கொண்டார்.

படம் முடிந்து வெகுநேரம் கழித்துத்தான் துண்டை எடுத்தார்.

"மாப்ள, மில்லுக்கு வர வேண்டாமுங்க. நீங்க படமே எடுங்க. ஆனா அந்தப் பேய ஒருக்கா நம்ம ஊட்டுக்குக் கூட்டிட்டு வாங்க."

போனேன். குருசாமியே தண்ணீர் கொடுத்தார். குடித்து முடித்ததும் சொம்பை வாங்கிக் கவிழ்த்துப் பார்த்துவிட்டுத்தான், "உக்காருங்க" என்றார்.