எட்டாவது கட்டம்

1

முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன்: இந்தக் கதையை நான் ஒரு விண்ணப்பப் படிவத்திலிருந்து எடுத்தேன். யார் வேண்டுமானாலும் எடுத்துப் பயன்படுத்தலாம், திருத்தலாம் என்று பொதுவில் விடப்பட்ட ஓர் இயங்குதளம். அதன் வலைத்தொடர்புப் பகுதியைச் செப்பனிடுகிறவர்களுக்கு ஓராண்டு ஆய்வு உதவித்தொகை. விண்ணப்பங்களைப் படித்து மதிப்பெண் போடும் மூவரில் நானும் ஒருவர். படித்ததை வெளியே சொல்ல மாட்டேன் என்று கையெழுத்துப் போட்டிருப்பதால் கதையாகச் சொல்கிறேன். (படிவத்தில் விண்ணப்பித்தவளின் அக்காவைப் பற்றி இரண்டே வரி. மற்றதெல்லாம் என் கைச்சரக்கு.)

2

முதல் தொடக்கம்: 'மழை விடாமல் பெய்துகொண்டிருந்த அந்த மாலையில், அவள் கணினித் திரையின் முன்...'

வேண்டாம். கணினி முன்னால் உட்கார்ந்திருப்பவளுக்கு மழை எதற்கு?

இரண்டாவது: அவள் ஒரு மருத்துவமனையில் கணினி பழுதுபார்ப்பவள். பிரிண்டரில் சிக்கிய தாளை உருவுவதே பாதி வேலை. மதியச் சாப்பாட்டு நேரத்தில் மட்டும் மடிக்கணினியைத் திறந்து, ஆறு வருடமாக ஒரே பிழையோடு மல்லுக்கட்டுகிறாள். கம்பி இணைப்பிலிருந்து வைஃபைக்கு மாறினால் தொடர்பு நாற்பது வினாடி ஊமையாகிவிடும். பேசிக்கொண்டிருப்பவர் 'ஹலோ, ஹலோ' என்று கத்த வேண்டியதுதான். ஒரே ஓர் ஆண்டு, முழுப் பகல்கள் கிடைத்தால் அதைப் பிடித்துவிடுவாள். அதற்குத்தான் விண்ணப்பம்.

இது பரவாயில்லை. இதையே வைத்துக்கொள்வோம்.

3

படிவத்தின் எட்டாவது கட்டம்: 'சிக்கலைத் துறை சாராதவருக்கும் புரியும்படி விளக்குக.' துறை சாராத ஆளாக வீட்டில் அகப்பட்டவள் அக்கா. தையல்காரி. வாயில் இரண்டு குண்டூசியோடு கேட்டுக்கொண்டிருந்தாள்.

"பழைய வழியை மூடிட்டேன்னு இவன் சொல்லணும்க்கா. புது வழியைத் திறந்துட்டேன்னு அவன் சொல்லணும். அப்பதான் ஓடும்."

அக்கா ஊசிகளை எடுத்தாள். "இவன் எப்ப சொல்லுவான்?"

"அவன் சொன்னதும்."

"அவன் எப்ப சொல்லுவான்?"

 தங்கை மடிக்கணினியை இழுத்துத் திறந்தாள். நிரலுக்குள் கம்பியைப் பார்ப்பவனும் வைஃபையைப் பார்ப்பவனும் ஒருவர் வாயை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றிருந்தார்கள், நாற்பது வினாடி. ஆறு வருடம் கண்ணில் படாதது இரண்டு வரியில் சரியாகிவிட்டது.

[இங்கே நிரலைப் பற்றி அரைப் பக்கம் எழுதியிருந்தேன். எனக்கே கொட்டாவி வந்தது. எடுத்துவிட்டேன்.]

வெண்ணெய் திரளும்போது தாழி உடைவதைத்தான் கேள்விப்பட்டிருக்கிறோம். இங்கே தாழி கேட்டு விண்ணப்பம் எழுதும்போதே வெண்ணெய் திரண்டுவிட்டது. விதிமுறை ஏழு சொல்கிறது: முடிந்த பணிக்கு உதவித்தொகை கிடையாது.

4

"முடிவு வர மூணு மாசம்தானே? அதுவரைக்கும் பூட்டி வை. யாருக்குத் தெரியப்போகுது?" என்றாள் அக்கா.

"எனக்குத் தெரியுமே. இப்பவும் எங்கேயோ ஒருத்தர் ஹலோ ஹலோன்னு கத்திட்டிருப்பாரு."

"சொந்தக் காசுல சூனியம் வச்சுக்கறதுன்னு சொல்லுவாங்க. இன்னைக்குத்தான் நேர்ல பாக்குறேன்."

தங்கைக்கு அழுகை வந்தது. (இந்த வாக்கியத்தை இரண்டு முறை அடித்து நீக்கினேன். ஆனால் வந்திருக்கும். அந்த ஓராண்டுக்கு அவள் எவ்வளவு ஏங்கினாள் என்பது படிவம் முழுக்கத் தெரிகிறது.) அழுது முடித்து, திருத்தத்தை எல்லோரும் பார்க்கும் பொது அஞ்சல் பட்டியலுக்கு அனுப்பினாள். உதவியவரைக் கீழே குறிப்பிடுவது அந்த நிரலாளர்களின் வழக்கம். 'காரணத்தைக் கண்டவர்: என் அக்கா, தையல்காரர்.' அக்கா அதைப் படித்துவிட்டு, தைத்த ரவிக்கையை மறுபடி பிரித்துத் தைக்கத் தொடங்கினாள்.

விண்ணப்பத்தையும் அனுப்பினாள். 'பணியில் இதுவரை முடிந்தது எவ்வளவு?' என்ற கட்டத்தில் இப்படி இருந்தது: 'முழுவதும். இன்று காலை. இதைப் போல இன்னும் முப்பத்தொரு பிழைகள் பாக்கி. அக்காவும் இருக்கிறாள்.'

5

முடிவு ஒன்று: விதிப்படி சுழியம். அவள் பிரிண்டருக்குத் திரும்புகிறாள்.

முடிவு இரண்டு: குழுத் தலைவர் மனமிரங்கி... இல்லை. எங்கள் தலைவரை எனக்குத் தெரியும். சுழியம் போட்டு, 'விதி 7' என்று எழுதி, கையெழுத்தும் போட்டுவிட்டார்.

நான் பத்துக்குப் பத்து போட்டிருக்கிறேன். எனக்கு இதில் சந்தேகமே இல்லை. 'காரணம் கூறுக' என்ற இடத்தில் எழுத இடம் போதாததால் இந்தக் கதையை இணைத்திருக்கிறேன்.

மூன்றாவது மதிப்பீட்டாளரே, இவ்வளவு நேரம் படித்தது நீங்கள்தான். உங்கள் கட்டம் இன்னும் காலியாக இருக்கிறது.