ஆல்பத்தின் கடைசிப் பக்கம்

அரசியல் த்ரில்லர் எழுதுவதில் எனக்கு ஒரு விதி உண்டு. யாரையும் முழு நல்லவனாக விடக்கூடாது. இடைவேளைக்குள் ஒருவனாவது துரோகியாக வேண்டும். ஐந்து படங்கள் அப்படித்தான் ஓடின.

ஐந்தாவது படத்துக்காகச் சித்தேரி மலையில் ராமக்காவின் வீட்டில் இரண்டு நாள் இருந்தேன். அவள் கணவன் தீர்த்தன், மலையடிவாரத்துக் கல்குவாரிக்கு எதிராக ஏழு வருடம் மனு கொடுத்தவன். ஒரு திங்கட்கிழமை தருமபுரியில் மனு கொடுத்துவிட்டு, வக்கீலைப் பார்க்கச் சேலம் போகும் வழியில், தொப்பூர் இறக்கத்தில் லாரி ஏறிச் செத்தான். மனு ரசீதுகளைக் கல்யாண ஆல்பத்தில் செருகி வைத்திருந்தான். இடம் போதாதபோதெல்லாம் ஒரு போட்டோவை எடுத்துவிட்டு அங்கே ரசீதை வைத்தான். ராமக்கா பக்கம் பக்கமாகக் காட்டினாள். களி கிண்டிப் போட்டாள். பக்கத்துப் பாப்பிரெட்டிப்பட்டிக்காரன் என்பதால் என்னை நம்பினாள்.

படத்தில் பெயரை மாற்றினேன். ஊரை, லாரியின் நிறத்தை மாற்றினேன். ஆல்பத்தை மாற்றவில்லை. அது நன்றாக இருந்தது.

கதை விவாதத்தில் தயாரிப்பாளர், "செத்தவன் ரொம்பச் சுத்தமா இருக்கான். போரடிக்குது" என்றார். ஆல்பத்தின் கடைசிப் பக்கத்தில் ஒரு போட்டோ வைத்தேன். குவாரி முதலாளி அவன் தோளில் கைபோட்டிருக்கிறார். அவன் சிரிக்கிறான். எதிர்ப்பவர்களைக் காட்டிக்கொடுக்க முதலாளியே வைத்த ஆள் அவன். இடைவேளை. அரூர் தியேட்டரில் விசில் பறந்ததாம். கேட்கச் சுகமாக இருந்தது.

மூன்று மாதம் கழித்து ராமக்கா போன் செய்தாள்.

"கருப்பண்ணன் சாட்சிக்கு வரமாட்டேங்கறான் தம்பி. படத்தப் பாத்துட்டு, தீர்த்தன் அவனுங்க ஆளுதானேங்கறான். வியாழக்கெழம அவரு சாவு கேசு. அது பொய்யின்னு நீ வந்து ஒரு வார்த்த சொல்லு."

"எல்லாம் கற்பனைன்னு மொதல்லயே போட்டிருக்கோமேங்க."

"அது ஓடறப்ப சனம் சீட்டு தேடிக்கினு இருந்துச்சு."

போனேன்.

கருப்பண்ணனுக்குத் தொப்பூரில் சாலையோரப் பரோட்டாக் கடை. ஓரமாக நின்றிருந்த லாரி, தீர்த்தனின் வண்டி வந்த பிறகே கிளம்பியதைப் பார்த்தவன் அவன் ஒருவன்தான். என்னைக் கண்டதும் கையைத் துடைத்துக்கொண்டு ஓடிவந்தான்.

"நவநீதன் சார்! நம்ம கடைக்கா!"

செல்ஃபி எடுத்தான். எனக்குப் பரோட்டா போட்டான். ராமக்கா டீ மட்டும் கேட்டாள்.

"அந்தப் போட்டோ நான் இட்டுக்கட்டினதுங்க," என்றேன். "தீர்த்தன் அப்படிப்பட்ட ஆள் இல்ல."

என்னையே பார்த்தான். பிறகு குரலைத் தாழ்த்தினான்.

"உங்களயும் மெரட்டிட்டானுங்களா சார்?"

"யாரும் மெரட்டல. நானா எழுதினேன்."

"உங்க மூணாவது படத்துல அந்த ரிப்போர்ட்டரும் இதேதான சார் சொல்வான்? நான் எழுதினது பொய்யின்னு? அவன் பொண்டாட்டியத் தூக்கி வெச்சிருப்பானுங்க. நாலு தடவ பாத்தவன் சார். எங்கிட்டயேவா?"

கண் சிமிட்டினான்.

அந்தக் காட்சி எனக்கு நினைவிருந்தது. மறுக்கிறவன் மிரட்டப்பட்டவன். அதுவும் என் விதிதான்.

ராமக்கா பையிலிருந்து ஆல்பத்தை எடுத்தாள். கடைசிப் பக்கத்தைத் திறந்து அவன் முன் வைத்தாள். காலியாக இருந்தது. போட்டோ இருந்த இடம் மட்டும் சதுரமாக வெளுத்திருந்தது.

"போட்டோ எங்கக்கா?"

"நாங்க ரெண்டு பேரும் மாலையோட நின்னது. குழியில அவரு கூடவே வெச்சிட்டேன்."

கருப்பண்ணன் தலையாட்டினான். அவள்மேல் அவனுக்கு இரக்கம்கூட இருந்தது.

"பொதைச்சிட்டீங்க. சரி. நான் யாருகிட்டயும் சொல்லலக்கா. ஆனா கோர்ட்டுக்கு மட்டும் கூப்புடாதீங்க. அவனுங்க ஆளுக்காக நான் எதுக்கு உசுர வுடணும்?"

ராமக்கா ஆல்பத்தை மூடினாள். என்னைப் பார்க்கவில்லை.

நல்ல காட்சி என்று எனக்குள் ஒன்று சொன்னது. காலிப் பக்கத்தில் முடிக்கலாம் என்றது.  வாயில் இருந்த பரோட்டாவை வெளியே போய்த் துப்பினேன். கீழே இறக்கத்தில் லாரிகள் பிரேக் கருகும் நாற்றத்தோடு இறங்கிக்கொண்டிருந்தன.

திரும்பி வந்து பர்ஸை எடுத்தேன். கருப்பண்ணன் என் கையைப் பிடித்துத் தடுத்தான்.

"உங்ககிட்டப் போயி காசு வாங்குவனா சார்? பார்ட் டூ எப்போன்னு மட்டும் சொல்லுங்க."

ராமக்கா டீக்குப் பத்து ரூபாய் நீட்டினாள். வாங்கிக் கல்லாவில் போட்டான்.