மை காயும்வரை

ஐஸ் பெட்டியின் பிளக்கைச் செருக இடம் தேடிய குணா, வீட்டு முன்பக்கத்துக் கடைக்குள் குனிந்து ஃபிளக்ஸ் பேனர் மெஷினின் பிளக்கைப் பிடுங்கினான். அந்த வீட்டில் பெரிய பிளக் பாயிண்ட் அது ஒன்றுதான். ஒயர் ஷட்டருக்கு அடியில் ஊர்ந்து வாசல் ஷாமியானாவுக்குப் போனது. பெட்டி உறுமிக்கொண்டு கிளம்பியது. கண்ணாடிக்குள் அவன் அண்ணன் அரசப்பன் படுத்திருந்தார். தாடையைச் சேர்த்துத் தலையோடு துணி கட்டியிருந்தார்கள். பல்வலிக்காரர் மாதிரி இருந்தார்.

செண்பகம் கணவரின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தாள். மடியில் ஆஸ்பத்திரியில் கொடுத்த பிளாஸ்டிக் பை. உள்ளே அவருடைய வாட்ச், மூக்குக்கண்ணாடி, சட்டைப்பையிலிருந்து எடுத்த ஹார்டு டிஸ்க்.

போன வாரம் இடி மின்னலில் கடைக் கம்ப்யூட்டரின் மதர்போர்டு கருகிப்போயிற்று. அரசப்பன் சென்னை ரிச்சி தெருவுக்குப் போய், யாரோ ஓட்டிவிட்டு விற்ற போர்டு ஒன்றை வாங்கிவந்து புது டப்பாவில் பொருத்தினார். நேற்று சாயங்காலம் பழைய கம்ப்யூட்டரிலிருந்து டிஸ்க்கைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, "ஒரு டீ அடிச்சிட்டு வந்து மாட்டறேன்" என்று கிளம்பினார். டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. விடிகாலையில் ஆஸ்பத்திரியில் கைவிரித்துவிட்டார்கள்.

ஆரம்பாக்கத்தில் யார் செத்தாலும் பந்தல்காரனுக்கு அடுத்த போன் அரசப்பனுக்குத்தான் வரும். மேளம் வருவதற்குள் ரயிலடி முக்கில் ஒரு கண்ணீர் அஞ்சலி பேனர், ஹைவே முக்கில் ஒரு பேனர். சிப்காட்டில் ஷிப்டு முடிந்து வருகிறவர்கள் அந்த முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் பஸ்ஸை விட்டு இறங்குவார்கள். இன்றைக்கு இரண்டு முக்கும் மொட்டையாக நின்றன. ஊத்துக்கோட்டை சொந்தக்காரர்கள் வழி தெரியாமல் போன் மேல் போன் போட்டுக்கொண்டிருந்தார்கள்.

"அண்ணி, அண்ணன் போட்டோ ஒண்ணு குடு. கும்முடிப்பூண்டில அடிச்சிக்கினு வந்துடறேன்" என்றான் குணா.

ஊருக்கெல்லாம் படம் எடுத்த மனுஷனுக்கு ஒரு படம் கிடையாது. செண்பகத்தின் செல்போனில் பாதி முகமும் பக்கத்து ஆள் தோளுமாகச் சில இருந்தன. ஆதார் கார்டில் இருப்பதை வைத்தால் போலீஸ் தேடுகிற ஆள் என்பார்கள்.

"நல்ல போட்டோ இதுலதான் கீது" என்று பையிலிருந்து டிஸ்க்கை எடுத்தாள்.

கடைக்கு முதன்முதலாக கேமரா வாங்கியபோது அவள் எடுத்த படம் அது. லென்ஸ் மூடியைக் கழற்றாமலே அவள் "சிரிங்க, சிரிங்க" என்று அதட்ட, அவர் பொங்கிப் பொங்கிச் சிரித்தார். மூடியைக் கழற்றிய பிறகும் சிரிப்பு நிற்கவில்லை. அந்தப் படத்தைத்தான் அரசப்பன் கண்ணீர் அஞ்சலி டிசைனில் மாதிரிக்கு வைத்திருந்தார். யாராவது செத்தால் தன் முகத்தை எடுத்துவிட்டு அவர்கள் முகத்தை வைப்பார். ஒருநாள் தற்செயலாக அதைப் பார்த்த செண்பகம் ஆடித் தீர்த்துவிட்டாள். "உசுரோட கீறவன் மூஞ்சிய எவனாவது அதுல வெப்பானா? இன்னா பேஜாரு புடிச்ச வேல இது?" சோறு போடமாட்டேன் என்று அடுப்பை அணைத்துவிட்டாள். ராத்திரி அவர் வந்து, "எடுத்துட்டேன் தாயே. ரோஜாப்பூ வெச்சிருக்கேன், வந்து பாரு" என்றார். பார்த்தாள். ரோஜாப்பூதான் இருந்தது.

கேமராவையும் விற்றாயிற்று. அந்தப் படம் வேறு எங்கேயும் இல்லை. அவர் தன்னிடம் பொய் சொல்லியிருக்க வேண்டும், எங்கேயாவது ஒளித்து வைத்திருக்க வேண்டும் என்று செண்பகம் வேண்டிக்கொண்டாள். எழுந்தாள்.

"ஏம்மா, எங்க எய்ந்துகினு போற?" என்று பக்கத்து வீட்டு லட்சுமியம்மாள் கையைப் பிடித்தாள். "எடுக்கற வரைக்கும் பொண்டாட்டி தலமாட்டுல இருக்கணும்மா. நாலு பேரு இன்னா சொல்வாங்க?"

"உள்ளதான் போறேன்கா. அவரு வேலதான்."

குணா இரும்பு கம்பெனியில் எலக்ட்ரீஷியன். கடைக்குள் புது டப்பாவில் டிஸ்க்கை மாட்டி ஸ்விட்சைப் போட்டான். கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்து வந்தது: பூட் ஆக, அதாவது கம்ப்யூட்டர் கிளம்ப, எந்த டிஸ்க்கும் இல்லை. ஒயரை மாற்றிச் செருகினான். அதே எழுத்து. கம்ப்யூட்டர் ரிப்பேர் பார்க்கும் சிநேகிதன் சர்ஃபராஸுக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தான்.

"டிஸ்க் நல்லாதாண்டா இருக்கும்" என்றான் சர்ஃபராஸ். "உள்ள கீறது பழைய விண்டோஸு. இந்த போர்டு புது வழியில மட்டும்தான் தேடும். செட்டிங்ஸ்ல ‘பூட்’னு இருக்கும் பாரு, அதுல பழசையும் சேத்துத் தேடச் சொல்லு."

குணா தேடிப் பிடித்து மாற்றினான். விண்டோஸ் படம் வந்தது. செண்பகம் திரையை நோக்கிக் குனிந்தாள். சட்டென்று திரை நீலமாகி அணைந்தது. மறுபடி படம், மறுபடி நீலம்.

"சரிப்பா, ஃபார்மட் அடிச்சிட்டு புதுசா விண்டோஸ் போட்டுடு" என்றது போன். "அரைமணி நேர வேலை."

"உள்ள கீறதெல்லாம்?" என்று செண்பகம் கேட்டாள்.

போன் சொன்னது: "போய்டும் அண்ணி."

"வேணாம்."

"அண்ணி, மூணு மணிக்கு எடுக்கணும்" என்றான் குணா. "டிஸ்க்க சர்ஃபராஸ் கடைக்கு எடுத்துக்கினு போயி போட்டோவ மட்டும் உருவிக்கலாம்."

"எங்க கீதுன்னு சொல்லி உருவச் சொல்லுவே? எனக்கே தெரியாது. அந்த டிசைன தொறந்தாதான் தெரியும். நம்ம மெஷினு இந்த விண்டோஸு சொன்னாதான் அடிக்கும். ஊருக்கெல்லாம் இவரு கையால அடிச்சாரு. இவருக்கு இன்னொருத்தன் கடையா?"

சொல்லிவிட்டு அழுதாள். காலையிலிருந்து வராத அழுகை. குணா கீபோர்டைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

அழுகைக்கு நடுவே அந்த நீலம் ஞாபகம் வந்தது. போன மழைக்கு போர்டுக்குள் இருக்கும் பொட்டு பேட்டரி தீர்ந்து தேதியெல்லாம் மாறியபோது இதே நீலம்தான் வந்தது. வேலை செய்யும்போது வாய் ஓயாத மனுஷன். அன்றைக்கும் செட்டிங்ஸில் டிஸ்க்கைக் கூப்பிடும் முறையை மாற்றி, பேசிக்கொண்டேதான் சரிசெய்தார். "செண்பகம், இவன் பழைய ஆளு. ஏ.எச்.சி.ஐ-னு கூப்ட்டா கோச்சிக்குவான். ஐ.டி.ஈ-னு கூப்டு, எய்ந்து வருவான்."

"குணா, ஐ.டி.ஈ-னு எங்கனா கீதா பாரு. டிஸ்க்குக்கு."

இருந்தது. மாற்றினான். விண்டோஸ் படம் வந்தது, நின்றது, நகர்ந்தது. கரகரவென்று அந்தப் பழைய வரவேற்புச் சத்தம் ஷாமியானா வரைக்கும் கேட்டது. வெளியே ஒப்பாரி ஒரு கணம் தடுமாறி மறுபடி தொடர்ந்தது. போர்டு மாறியதால் திரையில் எழுத்தெல்லாம் பெரிது பெரிதாக இருந்தது. இருந்துவிட்டுப் போகட்டும்.

செண்பகமே ஸ்டூலில் உட்கார்ந்து டிசைனைத் திறந்தாள். தீபம், கறுப்பு பார்டர், நடுவில் வட்டத்துக்குள் ரோஜாப்பூ. கீழே பேருக்கு இடம் காலியாக இருந்தது. வெறும் ரோஜாப்பூ. சொன்ன சொல்லைக் காப்பாற்றிவிட்டார் பாவி.

எதற்கும் என்று ரோஜாப்பூவை அமுக்கி அழித்தாள்.

அடியில் அரசப்பன் சிரித்துக்கொண்டிருந்தார்.

அவர் எடுக்கவே இல்லை. மேலே பூவை வைத்து மூடியிருக்கிறார். குணா முகத்தைத் திருப்பிக்கொண்டான். "பேரு நான் அடிக்கட்டா அண்ணி?"

"நானே அடிக்கிறேன்." அடித்தாள்.

"கீழ கடை பேரும் போன் நம்பரும் கீது. எடுத்துடவா?"

"இருக்கட்டும். அவரு வேலதான."

மெஷினை ஓட்டப் பெரிய பிளக் வேண்டும். குணா ஷட்டருக்கு அடியில் போகிற ஒயரைப் பார்த்தான், அவளைப் பார்த்தான். அவனால் அதைத் தொட முடியவில்லை. செண்பகம் வெளியே வந்தாள். பெட்டியின் கண்ணாடிமேல் கையை வைத்து, "செத்த நேரம்தான்" என்றாள். லட்சுமியம்மாள் நகர்ந்து வழிவிட்டாள். செண்பகம் உள்ளே வந்து ஐஸ் பெட்டியின் பிளக்கைப் பிடுங்கி, மெஷினுடையதைச் செருகினாள். வெளியே உறுமல் நின்றது. உள்ளே ஃபிளக்ஸ் மெஷின் இரண்டு தரம் செருமிவிட்டு ஓடத் தொடங்கியது.

பேனர் துணி மெஷினிலிருந்து இறங்கி வரும்போது தரையில் புரளாமல் பிடிப்பது எப்போதும் அவள் வேலை. இன்றைக்கும் குத்துக்காலிட்டு இரண்டு கையையும் ஏந்திக்கொண்டாள். முதலில் தீபம் வந்தது. பிறகு அவர் தலைமுடி. நெற்றி. சிரிப்பில் சுருங்கிய கண். மை ஈரமாக மினுங்கியது. காயும்வரை கை வைக்கக் கூடாது, இழுவிவிடும் என்று அவர்தான் சொல்லிக்கொடுத்திருந்தார்.

அவள் ஓரத்தை மட்டும் பிடித்திருந்தாள்.